கோல் கணக்கும் வர்க்கக் கணக்கும்

கார் நிக்கோபார் தீவில், கால்பந்தின் மீது தீராப் பற்றுக் கொண்ட ஒரு குடும்பம் தன் மகனுக்கு டேவிட் பெக்காம் என்று பெயர் சூட்டியது. அந்த மகன் டேவிட் பெக்காம் எல்காட்டோசூங்கோ இன்று நாடறிந்த விளையாட்டு வீரர். ஆனால் அவர் புகழ்பெற்றது கால்பந்தில் அல்ல, மிதிவண்டிப் பந்தயத்தில். அதே தீவைச் சேர்ந்த டெபோரா ஹெரால்டு, 2004 ஆழிப்பேரலையின்போது மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்த ஒன்பது வயதுச் சிறுமி. அவரும் மிதிவண்டிப் பந்தயத்திலேயே பன்னாட்டுப் பதக்கங்களை வென்றார். கால்பந்தை நேசிக்கும் தீவிலிருந்து மிதிவண்டி வீரர்கள் எழுந்தது எப்படி? மிதிவண்டிப் பந்தயத்துக்கான அரசுப் பயிற்சித் திட்டம் அந்தத் தீவுக்கூட்டத்தில் வேரூன்றியிருந்தது. திறமை எங்கும் பிறக்கும். வழி திறந்த இடத்தில்தான் வளரும்.

இந்தியப் பெண்கள் கால்பந்தில் அதிக கோல் அடித்தோர் வரிசையில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பெண் எவரும் முன்னிலையில் இல்லை. அதற்கு இரு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆளில்லை, எனவே வருமானமில்லை என்பது. மற்றொன்று, தரம் போதவில்லை என்பது. இரண்டும் பொய். வரலாறே அதற்குச் சான்று.

பார்க்க ஆளில்லையா?

1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள கூடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் அணிகள் இரண்டு மோதின. உள்ளே திரண்டவர்கள் 53,000 பேர். இடமின்றி வெளியே நின்றவர்கள் பல்லாயிரவர். ஆடிய அணிகளில் ஒன்று, பிரஸ்டன் நகரில் போர்க்காலத்தில் வெடிமருந்துத் தளவாடங்கள் செய்த டிக், கெர் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் அமைத்த அணி. அதில் ஆடிய லில்லி பார் அப்போது 15 வயதுப் பெண். 1951 வரை ஆடிய அவர், தம் வாழ்நாளில் ஆயிரத்தை நெருங்கும் கோல்களை அடித்ததாகக் கணக்கிடப்படுகிறது.

1921இல் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்துக் கதவடைப்புச் செய்தபோது, பெண்கள் அணிகள் ஆடித் திரட்டிய நிதி பட்டினி கிடந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சென்றது. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறித் தன் ஆளுகையிலுள்ள மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அந்தத் தடை அரை நூற்றாண்டு நீடித்தது. ஆளில்லாததால் ஆட்டம் நின்றுபோகவில்லை. ஆள் திரண்ட பிறகுதான் நிறுத்தப்பட்டது. ஐம்பதாண்டுகள் கதவைப் பூட்டி வைத்துவிட்டு, உள்ளே கூட்டமில்லையே என்று கேட்பதுதான் இன்றைய சந்தை வாதம்.

ஆடினால்தானே கோல்?

பன்னாட்டு ஆட்டங்களில், ஆண் பெண் இருபாலரிலும், மிக அதிக கோல் அடித்தவர் கனடாவின் கிறிஸ்டீன் சின்க்ளேர். 2000 முதல் 2023 வரை 331 ஆட்டங்களில் 190 கோல்கள். இந்தியாவின் தலைசிறந்த கோல் வீராங்கனை மணிப்பூரின் பாலா தேவி. 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் அவர் சேர்ந்தபோது வெளியான கணக்கு, 2010 முதல் 58 ஆட்டங்களில் 52 கோல்கள்.

எதிரணிகளின் வலிமை ஒன்றல்ல. எனவே இருவரில் யார் பெரியவர் என்று தராசில் வைப்பது இங்கு நோக்கமல்ல. பார்க்க வேண்டியது ஆட்டங்களின் எண்ணிக்கையை. கனடாவின் பெண்ணுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 14 ஆட்டங்கள் கிடைத்தன. ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு கோல் என்ற விகிதத்தில் அடித்த இந்தியப் பெண்ணுக்கோ ஆறுகூடக் கிடைக்கவில்லை. 1983இல் ஆசியப் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற நாட்டின் பெண்கள் அணி, 18 மாதங்களுக்கு மேல் ஓர் ஆட்டமும் ஆடாததால் 2009இல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. பெண்கள் தோற்றதால் நேர்ந்ததல்ல இது, களமிறக்கப்படாததால் நேர்ந்தது.

2010இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் – ஐஎம்ஜி கூட்டிடம் ஒப்படைத்தது. ஆண்களுக்கு 2014இல் பகட்டான லீக் பிறந்தது. பெண்களுக்கான தேசிய லீக் 2016இல்தான் தொடங்கியது. 2023இல் சம்மேளனம், ஒவ்வொரு பெண்கள் லீக் கழகமும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் ஊதியம் தரவேண்டும் என்று விதித்தது. மாதம் 27,000 ரூபாய்க்கும் குறைவான இத்தொகை ஒரு முன்னேற்றமாக இருந்ததென்றால், அதற்கு முந்தைய நிலையை விளக்க வேண்டியதில்லை.

வாழ்வு தந்தது யார்?

சந்தை கைவிட்ட இப்பெண்களைத் தாங்கியது எது? பொதுத்துறையும் அரசுப் பணியும்தான். பாலா தேவி மணிப்பூர் காவல்துறையில் பணியாற்றுபவர். கடலூரின் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018இல் தமிழ்நாடு மணிப்பூரை வீழ்த்தி முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றதிலும், மதுரையின் சேது கழகம் 2019இல் லீக் பட்டம் வென்றதிலும் அவருக்குப் பங்குண்டு. மறு ஆண்டே, பெருந்தொற்றுப் பொது முடக்கத்தில், அவர் காக்கிச் சீருடையில் சென்னைச் சாலையில் பணியில் நின்றார். ரயில்வே அணியும் தேசியப் பட்டம் வென்ற அணியே. மாதம் தவறாத சம்பளம் இருந்தால்தான் உழைப்பாளி வீட்டுப் பெண் முப்பது வயதிலும் பந்தைத் தொட முடியும். இல்லையேல் இருபதிலேயே அவளது கோல் கணக்கு முடிந்துவிடும்.

எனவே பொதுத்துறையை விற்பதும், நிரந்தரப் பணியிடங்களை ஒப்பந்தக் கூலியாக மாற்றுவதும் விளையாட்டின் மீதான தாக்குதலுமாகும். ‘பெண் சக்தி’ என்று மேடையில் முழங்கும் ஒன்றிய ஆட்சியாளர்கள், அந்தச் சக்தி ஊன்றி நிற்கும் நிலத்தையே பெயர்த்தெடுக்கிறார்கள்.

தீவுகளுக்கு என்ன கிடைத்தது?

இந்தக் கொள்கையின் விளைவு மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் அந்தமான் நிக்கோபார். அங்கே சட்டமன்றம் இல்லை; துணைநிலை ஆளுநர் வழியே ஒன்றிய அரசே நேரடியாக ஆள்கிறது. ஆகவே பழியை மாநில அரசின் மீது சுமத்தவும் வழியில்லை. தலைநகரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். நிக்கோபாரின் ஒரு பெண் தலைநகருக்கு வந்து ஆடவே கடல் கடக்க வேண்டும். தமிழ், வங்காளி, தெலுங்குக் குடியேறிகளும் ராஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் வழித்தோன்றல்களும் நிக்கோபாரிகளும் வாழும் இத்தீவுகளில், பந்தை உதைக்க விரும்பும் சிறுமிக்கு முதல் எதிரணி தூரம். இரண்டாவது எதிரணி கப்பல் கட்டணம்.

ஒன்றிய அரசு அங்கே என்ன செய்தது? 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியது. பெரிய நிக்கோபாரில் 130 சதுர கிலோமீட்டர் காட்டை அழித்து, தொடக்க மதிப்பீட்டிலேயே 72,000 கோடி ரூபாயில் துறைமுகமும் விமான நிலையமும் புதுநகரமும் எழுப்பத் துடிக்கிறது. ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் வாழிடம் அதற்குப் பலியாகிறது. ஏறத்தாழ நான்கு லட்சம் மக்கள்தொகையே கொண்ட இத்தீவுகளின் சிறுமிகளுக்கு ஆண்டு முழுதும் ஆடும் லீக்கும் பயணப்படியும் தருவதற்கு ஆகும் தொகை, இத்திட்டத்தின் முன் தூசு. பணம் இல்லாததல்ல சிக்கல். பணம் யாருக்காகப் பாய்கிறது என்பதே கேள்வி.

நமது கடமை

தீவுகளில் பெண்களுக்கு நிலையான கால அட்டவணையுடன் லீக் நடத்துக. வீராங்கனைகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் தீவுகளிடையிலும் தாய்நிலத்துக்கும் கப்பல் பயணத்தை இலவசமாக்குக. நிர்வாகத் துறைகளிலும் பொதுத்துறையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களுக்கு நிரந்தரப் பணியிடம் வழங்குக. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள். இக்கோரிக்கைகளை நாடாளுமன்றத்திலும் தெருவிலும் எழுப்ப வேண்டியது இடதுசாரிகளின் பொறுப்பு.

நம் பக்கமும் ஒரு குறை உண்டு, அதை ஒளிக்கலாகாது. மே தினத்துக்கும் தியாகிகள் நினைவு நாளுக்கும் நம் கிளைகள் கால்பந்துப் போட்டிகள் நடத்துகின்றன. அவற்றில் பெண்கள் அணிகள் எத்தனை? கோப்பை வழங்கும் மேடையில் மாதர் அமைப்புத் தோழர் அமர்கிறார்; மைதானத்தில் அவருடைய மகள் இல்லை. பிரஸ்டனின் ஆலைப் பெண்கள் சுரங்கத் தொழிலாளருக்காகப் பந்து உதைத்து நூறாண்டு கடந்துவிட்டது. அந்த மரபு நமது மரபு. அடுத்த மே தினப் போட்டி அறிவிப்பில் ‘பெண்கள் பிரிவு’ என்ற வரி இடம்பெறட்டும். கார் நிக்கோபாரின் சிறுமியும் கடலூரின் சிறுமியும் கேட்பது பாராட்டு அல்ல, ஆட்டம். ஆட்டம் கிடைத்தால் கோலை அவர்களே அடித்துக்கொள்வார்கள்.