ஏணியில நடுப்படி எங்கங்க?

என்கோலோ கான்டே கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குள்ளமா இருக்கார்னு அகாடமிகள் வேண்டாம்னு சொன்ன பையன், 2018ல பிரான்ஸ் அணியின் மிட்ஃபீல்டரா உலகக் கோப்பையைத் தூக்கினார். அதுக்கு முன்னாடி 2016ல லெஸ்டர், 2017ல செல்சின்னு ரெண்டு அணிகளோட அடுத்தடுத்து பிரீமியர் லீக். உலகக் கோப்பை சீசன் வந்தா நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் அவர் சிரிக்கிற போட்டோவை ஸ்டேட்டஸ்ல வைப்பாங்க. கீழ ஒரு கேப்ஷன்: உழைச்சா எல்லாம் நடக்கும்.

எனக்கு அந்தக் கேப்ஷன்லதான் சண்டை. கான்டே உழைச்சார், சந்தேகமே இல்ல. ஆனா 19 வயசுல அவர் எங்க இருந்தார்னு பாருங்க. பாரிஸ் பக்கத்துல சுரேன் என்ற சின்ன ஊரோட கிளப். 2010ல அங்கிருந்து கடலோர நகரமான பூலோன். முதல்ல ரிசர்வ் டீம், அப்புறம் 2012-13ல மூணாவது டிவிஷன்ல ஒரு முழு சீசன். இதுக்கு நடுவுல அக்கவுண்டிங் டிப்ளமாவும் முடிச்சார் (நம்ம வீட்ல சொன்னா இந்த ஒரு வரியை மட்டும் கெட்டியா பிடிச்சுக்குவாங்க). 2013ல ரெண்டாவது டிவிஷன்ல கான் நகர அணி. அடுத்த வருஷமே அந்த அணி முதல் டிவிஷனுக்கு ஏறிடுச்சு. 2015ல லெஸ்டர்.

பூலோன் நம்ம பொள்ளாச்சியை விடச் சின்ன ஊருங்க. அங்க சம்பளம் கொடுக்கிற ஒரு அணி இருந்தது. அகாடமி கைவிட்ட பையன் ஏற அங்க ஒரு படி இருந்தது. ஸ்டேட்டஸ் வைக்கும்போது நாம இதைத்தான் விட்டுடறோம்.

இப்ப நம்ம மிட்ஃபீல்டர் ஒருத்தரைப் பார்ப்போம். மைக்கேல் சூசைராஜ், 1994ல பிறந்தவர். குமரி மாவட்டத்துக் கடலோரத்துல இருக்கிற இரவிபுத்தன்துறைதான் ஊர். அந்தப் பக்கத்து மீனவக் கிராமங்கள்ல கால்பந்து ரத்தத்துல ஊறினது. 2017-18 ஐ-லீக் சீசன்ல அவர் சென்னை சிட்டி எஃப்சிக்காக ஆடினார். பேருதான் சென்னை, சொந்த மைதானம் நம்ம கோவை நேரு ஸ்டேடியம். இடது காலால பந்தை வாங்கி, ரெண்டு பேரைத் தாண்டி உள்ள வெட்டிப் போற அந்த ஆட்டத்துக்கு 2018லயே ஐஎஸ்எல் கதவு திறந்துச்சு. ஜாம்ஷெட்பூர் போனார். 2019ல கிங்ஸ் கோப்பைக்காக தாய்லாந்துல இந்திய ஜெர்சி. அந்த வருஷமே கொல்கத்தாவின் ஏடிகே. சகோதரர் ரெஜினும் அதே அணி. 2020 மார்ச் 14ல கோவாவில், கொரோனாவால ரசிகர்களே இல்லாத ஸ்டேடியத்துல, ஏடிகே 3-1னு ஃபைனலை ஜெயிச்சது. தோத்தது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம சென்னையின் எஃப்சி.

அடுத்த சீசனோட முதல் மேட்ச், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரா. கால் மணி நேரம்கூட ஆகல, முழங்கால் போச்சு. அந்த சீசனே முடிஞ்சது. 26 வயசு, ஒரு மிட்ஃபீல்டர் உச்சத்துக்குப் போற வயசு. பிறகு ஒடிசா அணியில மறுபடி ஆட வந்தார், ஆனா இந்திய அணியில இடம் பிடிக்கிற அந்த வேகம் நின்னுடுச்சு. டிசைன் கிளாஸ்ல நாம படிச்ச 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' ஞாபகம் வருதா? ஒரு முழங்கால், ஒரு கான்ட்ராக்ட், பேக்கப் எதுவும் கிடையாது.

கோவை கதை இன்னும் கொடுமைங்க. சூசைராஜ் கிளம்பின அடுத்த சீசன்லதான் சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன். 2019 மார்ச் 9, நேரு ஸ்டேடியம். ஆட்டம் ஆரம்பிச்ச உடனே மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுட்டாங்க. பெட்ரோ மான்சி பெனால்டியில சமன் பண்ணினார், டிஃபெண்டர் கௌரவ் போரா ரெண்டு அடிச்சார், 3-1. 43 பாயின்ட். ரெண்டாவது இடம் ஈஸ்ட் பெங்காலுக்கு, 42. ஒரே ஒரு பாயின்ட்ல இந்தியாவின் ஐ-லீக் கோப்பை அவிநாசி ரோட்டுக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்துச்சு. சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கினாங்க. அதுக்கப்புறம்? 2020 ஜனவரியில் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றின் 'ஹோம்' மேட்ச் அகமதாபாத்தில் நடந்துச்சு. 2020-21 தான் அந்த அணியோட கடைசி ஐ-லீக். கோப்பை வாங்கி ரெண்டே வருஷம்.

"கோயமுத்தூர்ல யாருங்க ஃபுட்பால் பார்க்கிறாங்க?"ன்னு கேட்பீங்க. கார் ரேஸ் மட்டும் யார் பார்த்துட்டு இருந்தாங்களாம்? கரிவரதன்னு ஒரு மனுஷன் மாருதி பாகங்களை வச்சு செலவு குறைஞ்ச ரேஸ் கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியில ஆரம்பிச்ச நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005ல ஃபார்முலா ஒன் ஓட்டினார். கணபதியில லேத் பட்டறைக்குப் போய்ப் பாருங்க: ஹெல்பரா சேர்ந்து, டர்னர் ஆகி, பிறகு சொந்தப் பட்டறை போட்டவங்க எத்தனை பேர். நடுப்படி போடத் தெரிஞ்ச ஊர் இது. ஃபுட்பாலுக்கு மட்டும் போடல.

ஐஎஸ்எல் அணி வாங்கச் சொல்லி தொழிலதிபர்களைக் கெஞ்ச நான் வரல. மேல் படி அது. அதுக்குப் பல கோடி வேணும். நான் கேட்கிறது நம்ம கையில இருக்கிற படி. கோவையைச் சுத்தி எத்தனை இன்ஜினியரிங் காலேஜ், ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு பெரிய கிரவுண்ட்! ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கொடுத்து பிளேயர்ஸை உள்ள கூட்டிட்டு வர்றோம். மூணாவது வருஷம் வந்தா ஆப்டிட்யூட் டிரெய்னிங்னு கூப்பிட்டு பூட்ஸைக் கழட்ட வைக்கிறோம். ஞாயித்துக்கிழமை கிரவுண்டைப் பூட்டி வைக்கிறோம். வெளியில மாவட்ட லீக் ஆடற பசங்க ஒரு நல்ல தரை கிடைக்குமான்னு அலையறாங்க.

அடுத்த மாசம் ஸ்டூடண்ட் கவுன்சில் தேர்தல். ஓட்டுக் கேட்டு வர்ற ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி வேட்பாளர்கிட்ட கல்ச்சுரல்ஸுக்கு எந்த சிங்கர் வர்றார்னு அப்புறம் கேளுங்க. ஞாயித்துக்கிழமை காலையில மாவட்ட லீக் மேட்ச்சுக்கு நம்ம கேட் திறக்குமா, ஃபைனல் இயர் பிளேயருக்கு மேட்ச் அன்னைக்கு ஓடி கிடைக்குமா? இந்த ரெண்டையும் முதல்ல கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கோங்க.