போர்டு மாறினால் போதுமா?

1957-ல் பிறந்தது தமிழ்நாடு மின்சார வாரியம். 2010 நவம்பரில் அதை உடைத்து, உற்பத்தி-விநியோகத்துக்கு ஒன்று, மின்கடத்தலுக்கு ஒன்று என்று கம்பெனி ஆக்கினார்கள். 2024-ல் உற்பத்தி தனி, விநியோகம் தனி, பசுமை மின்சாரம் தனி என்று மறுபடியும் பாகப்பிரிவினை!

பிரித்தால் நஷ்டம் தீரும் என்றார்கள். தீர்ந்ததா? கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. 2022 செப்டம்பரில் கட்டணமும் ஏறியது.

வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் கட்டுப்படி ஆகவில்லை என்றால், கடையை மூன்றாகத் தடுத்து என்ன பயன்? மளிகைக் கடைக்காரருக்கே தெரிந்த கணக்கு இது!

தனிக் கணக்கால் ஒரு நன்மை உண்டு. ஓட்டை எங்கே என்று தெரியும். அதை மக்களுக்குச் சொல்லி அடைக்க வேண்டும். "கரண்டு போச்சு" என்றால் ஓடி வர வயர்மேன் வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும்.

பெயர்ப்பலகை மாறினால் விளக்கு எரியாது!