பெயரில்லாத நட்சத்திரம்

சிலாபத்திலிருந்து புத்தளம் வீதியில் வடக்கே போனால் பாலாவி வரும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளமொன்று அங்கே இருந்தது, பெயர் ‘ராஜாளிய’. கோர்செயர் போர் விமானங்களை இழுத்து நகர்த்த யானைகளைப் பூட்டினார்கள். கதையல்ல, புகைப்படமே இருக்கிறது.

இப்படியொரு இடத்தின் பெயரோடு பழைய பதக்கம் விலைக்கு வந்தால் சேகரிப்பாளரின் கை பரபரக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். 1914–18 போருக்கான பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் இலக்கம், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஆளைத் தேடிப் பிடித்துவிடலாம். அடுத்த போரின் ‘பர்மா நட்சத்திரம்’ என்ற பதக்கம் அப்படியல்ல. ஆஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் தம் வீரர்களுக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன. பிரிட்டன் வெறுமையாகக் கொடுத்தது.

வெறும் நட்சத்திரத்தில் விற்பவர் எந்தக் கதையையும் மாட்டலாம், யானையையும் சேர்த்து!

ஆகவே காசு கொடுக்க வேண்டியது உலோகத்துக்கு அல்ல, அதோடு வரும் சம்பளப் புத்தகத்துக்கும் கடிதங்களுக்கும்தான். ஆனால் அலுமாரியைத் துப்புரவாக்கும் வீட்டார் முதலில் எரிப்பது அந்தக் காகிதங்களைத்தான். பெயர் பொறித்தவையும் முழுக்கத் தப்பவில்லை: 1980இல் வெள்ளி விலை உச்சத்துக்கு ஏறியபோது முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் பல உருக்கப்பட்டன.