மாட்டின் வயிற்றில் போன கம்பி வெளியே வராது

வீட்டுப் பூனை ஏதேனும் சிறு பொருளை விழுங்கிவிட்டால், அது வழவழப்பாக இருக்கும்பட்சத்தில் ஒன்றிரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் கழிவோடு வந்துவிடும். ஊசி கோத்த நூலாக இருந்தால் மட்டும் குடலைச் சுருட்டி ஆபத்தில் கொண்டுபோய் விடும். நாய் சில சமயம் கக்கிவிடுகிறது. இதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு கறவை மாட்டையும் பார்ப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. "எதையோ தின்னுபோட்டுதுங்க, சாணியில வந்துரும்" என்று காத்திருக்கும் வழக்கம் கொங்கு நாட்டுக் கட்டுத்தரைகளில் இன்னும் இருக்கிறது. மாடு விழுங்கிய கம்பி சாணியில் வருவதில்லை. மூன்று நாள் அல்ல, மூன்று வருடம் காத்திருந்தாலும் வருவதில்லை.

காரணம் மாட்டின் வயிற்றமைப்பு. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. தீவனத்தை நாக்கால் சுருட்டி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டு, பிறகு சாவகாசமாகப் படுத்து அசை போடுகிறது. வெள்ளாடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாட்டுக்கு அந்தப் பொறுக்கல் இல்லை. தட்டோடு வரும் ஆணியும் தட்டுதான் அதற்கு. கனமான பொருள் இரண்டாவது வயிறான தேன்கூட்டு வயிற்றில் போய் விழுகிறது. உட்சுவர் தேனடை போல அறை அறையாக இருப்பதால் அங்கேயே சிக்கிக் கொள்ளும். அடுத்த வயிற்றுக்குப் போகும் வழியில் நன்றாக அரைபட்ட தீவனம்தான் நுழையும். இந்த வயிறு ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை இறுகிச் சுருங்குவது. ஒவ்வொரு சுருக்கத்திலும் கம்பியின் முனை சுவரைக் குத்துகிறது. சுவருக்கு முன்னால் உதரவிதானம், அதை ஒட்டி இதயம். இடைவெளி சில விரற்கடைதான்.

மொண்ணையான இரும்பு ஆயுள் முழுவதும் தொந்தரவில்லாமல் கிடக்கலாம். கூரான கம்பியும் சில மாடுகளில் மாதக்கணக்கில் சும்மா இருக்கும். சினை முற்றி வயிறு நெருக்கும்போதோ, ஈனும்போது முக்கும்போதோ அது முன்னே நகர்கிறது. ஈன்ற சில நாளில், பால் நன்றாக வர வேண்டிய நேரத்தில், மாடு படுத்துவிடுவது இதனால்தான் பல இடங்களில் நடக்கிறது. நோய் நேற்று வந்ததல்ல. கம்பி போன ஆண்டே உள்ளே போயிருக்கும்.

அடையாளங்களைக் கவனித்தால் தெரியும். காலையில் நன்றாகக் கறந்த மாடு மாலையில் திடீரெனப் பாலைக் குறைக்கிறது. அசை போடுவது நிற்கிறது. முதுகைக் கூனி, முன்னங்கால் முட்டிகளை வெளிப்புறமாக அகற்றி நிற்கும். படுக்கத் தயங்கும். சரிவில் இறங்கும்போது முனகும். மேட்டில் ஏறும்போது அவ்வளவு வலி தெரியாது. திமிலுக்குப் பின்னால் முதுகுத் தோலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால், நலமான மாடு முதுகைக் கீழே தாழ்த்தும். இந்த மாடு விறைத்து நிற்கும், அல்லது முனகும். இதைச் சாதாரண மந்தம் என்று எண்ணிச் செரிமானத் தூளும் கசாயமும் கொடுத்து ஒரு வாரத்தைப் போக்கிவிடுகிறார்கள். அந்த ஒரு வாரம்தான் மாட்டைக் காப்பாற்றக் கிடைத்த வாரம். ஆரம்பத்தில் இடது விலாவைத் திறந்து கம்பியை எடுத்துவிட்டால் மாடு பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. மாட்டை நிற்க வைத்தபடியே, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நடத்தும் அறுவை இது. கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்து, தாடைக்குக் கீழும் நெஞ்சிலும் நீர் கோத்துத் தொங்கிய பிறகு கொண்டு வந்தால், மருத்துவர் பெரும்பாலும் கையை விரிக்க வேண்டியதுதான்.

இதற்கு மாட்டின் மேல் பழி போடுவது சரியல்ல. "கண்டதைத் தின்னும் மாடு" என்பது தெருவில் திரியும் மாட்டுக்குப் பொருந்தலாம். கொறங்காட்டில் கிளுவை வேலிக்குள் மேய்ந்த காங்கேயம் மாட்டுக்கு வேலியிலிருந்து ஆபத்து வரவில்லை. இன்றைய கலப்பின மாடு பெரும்பாலும் கட்டுத்தரையை விட்டு நகர்வதே இல்லை. அதன் வாய்க்குப் போகும் கம்பி வீட்டார் கையால் போட்ட தீவனத்தில்தான் போகிறது. தோட்டத்துச் சாளைக்கு மேல்தளம் போட்டபோது கொத்தனார் நறுக்கிப் போட்ட கட்டுக்கம்பி, கிளுவையை வெட்டி எறிந்துவிட்டுப் போட்ட முள்கம்பி வேலியின் துருப்பிடித்த துண்டு, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் சுற்றிய காகிதப்பூ மாலையின் கம்பி என்று வரிசை நீளம். தட்டு நறுக்கும் எந்திரம் இன்னும் மோசம். தட்டோடு போன நீளக் கம்பியை நாலு விரல் நீளத்துக்கு இரு முனையும் கூராக நறுக்கித் தருகிறது. மாட்டைக் கொல்ல இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. மக்காச்சோள ஊறுகாய்ப்புல் குழிமேல் பாரம் வைக்கும் பழைய டயர் இற்றுப்போனால் அதிலிருந்தும் எஃகு இழை உதிரும்.

பிளாஸ்டிக் குத்தாது; அடைக்கும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஐந்தரை மணி நேர வேலை. அந்த ஆண்டு ஜனவரி 1 முதலே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. சட்டம் வருவதற்கு முன்பே வயிறு நிரம்பத் தொடங்கியிருக்க வேண்டும். பட்டணத்துச் சமாச்சாரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கல்யாண மண்டபத்து எச்சில் இலையை வண்டியில் ஏற்றி வந்து மாட்டுக்குப் போடும் ஊர்கள் இங்கும் உண்டு. இலையோடு தண்ணீர்ப் பையும் டம்ளரும் வருகின்றன. எந்திரம் கட்டிய வைக்கோல் உருளையின் நைலான் கயிற்றை அவிழ்த்து எண்ணி எடுக்காமல் போடுவதும் அப்படியே. துணியையும் எலும்பையும் தேடிக் கடிக்கும் மாட்டுக்குப் பாஸ்பரஸ் குறைவு இருக்கலாம். தாது உப்புக் கலவை கொடுத்து, குடற்புழுவும் நீக்க வேண்டும்.

இரும்புக்குச் சுலபமான தடுப்பு ஒன்று இருக்கிறது. விரல் நீளத்தில் வழவழப்பான உருளைக் காந்தம். மருத்துவர் அதை வாய்வழியாக ஒரு முறை செலுத்திவிட்டால், கம்பி தங்கும் அதே தேன்கூட்டு வயிற்றில் அதுவும் ஆயுளுக்கும் தங்கிவிடும். வருகிற இரும்பெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு சுவரைக் குத்தாமல் கிடக்கும். வெளியே வராது என்ற அதே குணம் இங்கே நமக்கு உதவுகிறது. ஒரு மாட்டுக்கு ஒன்று போதும். செம்பையும் அலுமினியத்தையும் அது பிடிக்காது; ஏற்கெனவே சுவரில் ஆழமாக ஏறிவிட்ட கம்பியையும் எப்போதும் இழுத்துவிடாது. ஆகவே கிடேரி ஒரு வயதைத் தாண்டும்போதே, நோய் வருமுன் போடுவதுதான் முறை. அமெரிக்கப் பால் பண்ணைகளில் இது பல பத்தாண்டுப் பழக்கம். நம் பக்கத்தில் பால் சொசைட்டியில் தீவன மூட்டை கிடைக்கிறது, தாது உப்பு கிடைக்கிறது, காந்தம் மட்டும் கேட்டாலும் கிடைப்பதில்லை. கேட்பவர்களும் குறைவு என்பது உண்மைதான். அடுத்த பேரவைக் கூட்டத்தில் போனஸ் பேச்சு முடிந்த பிறகாவது உறுப்பினர்கள் இதை எழுப்பலாம். சொசைட்டி மொத்தமாக வாங்கி வைத்து, கிடேரிக்கு ஒன்று என்று பால் பணத்தில் பிடித்துக்கொண்டால் யாருக்கும் பெரிய பாரமில்லை.

அதுவரை ஒலிப்பெருக்கியில் கழற்றிய பழைய காந்தம் ஒன்றைத் தட்டு நறுக்கும் எந்திரத்தின் வாயருகே உறுதியாகக் கட்டி, வாரம் ஒரு முறை துடைத்துப் பார்க்கலாம். என்ன ஒட்டியிருக்கிறது என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டுவது நல்லது. மாடு முதுகைக் கூனி நின்றால் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் கால்நடை மருத்துவ வண்டி வரும். தீவனம் தின்னவில்லை என்று மட்டும் சொல்லாமல், பால் எந்த நாள் குறைந்தது, ஈன்று எத்தனை நாள், அருகில் கட்டட வேலை நடந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.