அறிவுக்குக் கட்டும் பாட்டம்

இந்திய மந்திரிசபை 2024 நவம்பர் 25-ந் தேதி அங்கீகரித்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்னும் திட்டத்தைக் குறித்து நம் பொதுஜனங்கள் அதிகமாகப் பேசிக்கொள்ளவில்லை. ரேஷன் அரிசி, ரஸ்தா, பஸ் கட்டணம் ஆகிய விஷயங்களில் உண்டாகும் பரபரப்பு, ஆராய்ச்சி சஞ்சிகைகளின் சந்தா விஷயத்தில் உண்டாகாதது இயல்பே. ஆயினும் மூன்று வருஷத்திற்கு 6,000 கோடி ரூபாய் என்பது அசட்டை செய்யத்தக்க தொகையன்று. அது எவர் கைக்குப் போகிறது? பதிலுக்கு நமக்குக் கிடைப்பது யாது? 2027-ம் வருஷக் கடைசியில் நம்மிடம் மிஞ்சுவது யாது? தேச விவகாரங்களில் சிரத்தையுள்ளோர் இக்கேள்விகளைக் கேட்டே தீரவேண்டும்.

திட்டம் இதுதான். 30 சர்வதேசப் பிரசுராலயங்கள் வெளியிடும் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகளை, மத்திய சர்க்காரும் மாகாண சர்க்கார்களும் நிர்வகிக்கும் 6,300-க்கு மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் மின்வழியே படித்துக்கொள்ளலாம். 1 கோடி 80 லட்சம் மாணாக்கரும் ஆசிரியரும் ஆராய்ச்சியாளரும் பயனடைவர் என்று சர்க்கார் கூறுகின்றனர். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் நிலையம் காரியத்தை நடத்துகிறது. 2025 ஜனவரி முதல் அமல். இதற்கு முன்னெல்லாம் ஒரே சஞ்சிகைக்குப் பல இலாக்காக்களும் சர்வகலாசாலைகளும் தனித்தனியே பணம் கட்டிவந்தன. பெரிய ஸ்தாபனங்களுக்குக் கிடைத்தது சிறிய கல்லூரிகளுக்கு எட்டவில்லை. சென்னை ஐ.ஐ.டி. மாணவன் படித்த கட்டுரையை இங்கே கோணத்திலுள்ள சர்க்கார் கல்லூரி மாணவனும் படிக்கலாம் என்றால், அதை நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். தலைக்கு வருஷம் சுமார் 1,100 ரூபாய் ஆகிறது. இது மலிவா, கிராக்கியா என்பது அந்த 1 கோடி 80 லட்சம் பேரில் மெய்யாகவே படிப்பவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது.

ஆனால் இந்த வியாபாரத்தின் தன்மையைச் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். சஞ்சிகையில் கட்டுரை எழுதுபவருக்குப் பிரசுராலயத்தார் ஒரு காசும் கொடுப்பதில்லை. கட்டுரை தகுதியுடையதா என்று பரிசீலிக்கும் நிபுணர்களுக்கும் பொதுவாக ஊதியமில்லை. எழுதியவரோ பெரும்பாலும் தம் பதிப்புரிமையையே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். அவருக்குச் சம்பளம் கொடுத்ததும், சோதனைச்சாலை கட்டிக் கொடுத்ததும் நம் வரிப்பணம். அப்படி விளைந்த சரக்கைத்தான் அதே வரிப்பணத்தைக் கொட்டி நாம் திரும்ப வாங்குகிறோம். நம் பருத்தி கப்பலேறி லங்காஷயருக்குப் போய்த் துணியாகத் திரும்பிய கதையை நம் பாட்டனார்கள் அறிவர். ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும். அந்தக் காலத்துப் பருத்திக்கு ஏதோ ஒரு விலையாவது கொடுத்தார்கள்.

கோட்டாறு கடைத்தெருவில் ஒரு வியாபாரி மிளகின் விலையை ஏற்றினால் நாம் அடுத்த கடைக்குப் போகலாம். சஞ்சிகை விஷயத்தில் அது நடவாது. ஒரு சஞ்சிகையில் வந்த கட்டுரை வேறொன்றில் வராது. அது வேண்டுமென்றால் அந்தக் கடைக்கே போகவேண்டும். தவிர, படிப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் மற்றொருவர். பேராசிரியர் இன்ன சஞ்சிகை இன்றியமையாதது என்பார். விலைச்சீட்டு வருவது நூல்நிலையாதிகாரியின் மேஜைக்கு. இந்த இரகசியத்தை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் பெர்கமான் பிரசுராலயத்தை நடத்திய ராபர்ட் மாக்ஸ்வெல். 1951-ல் அவர் வளர்க்கத் தொடங்கிய அந்த ஸ்தாபனத்தை 1991-ல் எல்ஸ்வியர் கம்பெனி 44 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிற்று. இன்று எல்ஸ்வியரை உடைய ரெலக்ஸ் கம்பெனியின் விஞ்ஞானப் பிரசுரப் பகுதி 2023-ல் ஈட்டிய வரும்படி ஏறக்குறைய 306 கோடி பவுண்டு. அதில் வியாபார லாபம் சுமார் 116 கோடி. நூற்றுக்கு முப்பத்தெட்டு! நஷ்டபயமின்றி இத்தகைய லாபம் தரும் தொழில் உலகில் எத்தனை உண்டு?

அச்சும் காகிதமும் தபாலும் செலவு வைத்த காலத்தில் விலைக்கு ஒரு நியாயமாவது கூறலாம். மின்வழியில் ஒரு பிரதியை ஒருவருக்கு அனுப்புவதற்கும் ஒரு லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் அதிக பேதமில்லை. பரிசீலனையை நடத்தல், திருத்துதல், பாதுகாத்து வைத்தல் ஆகியவற்றுக்குச் செலவுண்டு, மறுக்கவில்லை. எனினும் விலை விழும் என்று 1990-களில் எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கம்பெனிகள் சஞ்சிகைகளைத் தனித்தனியே விற்பதை விட்டு, நூற்றுக்கணக்கில் ஒரே கட்டாகக் கட்டி விற்கத் தலைப்பட்டன. சீனி வேண்டுமானால் கூடவே நாலு மூட்டை புண்ணாக்கையும் எடுத்துக்கொள் என்பது போன்றது இது. கட்டின் விலையோ, வாங்குபவரின் மடியைப் பார்த்துச் சொல்லும் விலை. அடுத்தவருக்கு என்ன விலை என்பதைச் சொல்லலாகாது என்று ஷரத்தும் பல ஒப்பந்தங்களில் உண்டு.

இங்கே பழைய செய்தியொன்று ஞாபகத்திற்கு வருகிறது. 1907-ல் வி. ராமசாமி ஐயர் என்னும் டிப்டி கலெக்டர், கணித சஞ்சிகைகளைத் தனித்தனியே வாங்கச் சக்தியற்ற கணிதப் பிரியர்களைத் திரட்டி ஒரு சங்கம் கண்டார். எல்லாரும் சந்தா செலுத்தி, அந்நிய சஞ்சிகைகளைப் பொதுவில் வரவழைத்து, புனா பெர்குஸன் கல்லூரியில் வைத்து, தபால் மூலம் அங்கத்தினர்களுக்குச் சுற்றுக்கு அனுப்புவது ஏற்பாடு. இதுவே பின்னர் இந்தியக் கணித சங்கம் ஆயிற்று. அதன் சஞ்சிகையில்தான் 1911-ல் ஸ்ரீநிவாஸ ராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. திருக்கோவலூரில் உத்தியோகத்திலிருந்த ராமசாமி ஐயரைத் தேடித்தான் ராமானுஜன் வேலை கேட்டுப் போனதும். ஒரே சந்தா என்ற யோசனை டில்லியில் இன்று பிறந்ததன்று என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தச் சங்கத்தார் வாங்கிய சஞ்சிகை அவர்களுடைய சொத்து. மறு வருஷம் சந்தா கட்டாவிடினும் பழைய இதழ்கள் அலமாரியிலேயே இருந்தன. சங்கம் பிறர் சரக்கை வாசிப்பதோடு நில்லாமல் தானே ஒரு சஞ்சிகையையும் நடத்திற்று.

மின்வழிச் சந்தாவில் நாம் வாங்குவது நூலையன்று, படிக்கும் அநுமதியை. நாஞ்சில் நாட்டாருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாட்டத்திற்கு எடுத்த வயலில் எத்தனை போகம் விளைத்தாலும், கெடு முடிந்தால் வரப்பேறிப் போகவேண்டியதுதான். சந்தா நின்ற பிறகும், சந்தா கட்டிய வருஷங்களின் இதழ்களைப் படிக்கலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தாலன்றி, கதவு அடைபட்டுவிடும். 6,000 கோடி ஒப்பந்தத்தில் அத்தகைய ஷரத்து இருக்குமானால் சர்க்கார் ஊரறியச் சொல்லட்டும். இல்லையேல் அடுத்த ஒப்பந்தத்தில் அதுவே முதல் ஷரத்தாக இருக்கவேண்டும்.

நிற்க. வாசகரில் சிலர், ‘சைஹப் இருக்கப் பணம் எதற்கு?’ என்று கேட்பர். கஸக்ஸ்தானத்துப் பெண்மணி அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யன் 2011-ல் தொடங்கிய அந்தத் தளம், பணமில்லாதவர்க்கு லட்சக்கணக்கான கட்டுரைகளைத் திறந்துவிட்டது. எல்ஸ்வியர், வைலி, அமெரிக்க ரசாயன சங்கம் ஆகியோர் 2020 டிசம்பரில் டில்லி ஹைகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தனர். 2025 ஆகஸ்டில் அத்தளத்தைத் தடுக்கும்படி கோர்ட்டார் உத்தரவிட்டனர். இப்போதுள்ள சட்டப்படி இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. அதே ஹைகோர்ட்டு, 2016-ல் டில்லி சர்வகலாசாலை ராமேஸ்வரி நகற்கடை வழக்கில், மாணாக்கர் பாடத்திற்காகப் புத்தகப் பகுதிகளை நகலெடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டமே இடங்கொடுக்கிறது என்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பிரசுராலயங்களின் வாதத்தை நிராகரித்தது. சட்டம் கொடுத்த இடத்தைக் கோர்ட்டு காப்பாற்றும். சட்டம் கொடாததைக் கோர்ட்டிடம் கேட்பது வீண். கேட்கவேண்டியது பார்லிமெண்டை.

இனி நம் ஊரைப் பார்ப்போம். ஆசாரிப்பள்ளம் சர்க்கார் வைத்தியக் கல்லூரி டாக்டர் திட்டத்தின்கீழ் வருவார். தக்கலையில் சொந்தமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர் வாரார். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும், தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் தலைமுறை தலைமுறையாக இந்நாட்டு மக்களைப் படிக்கவைத்தவை. நிர்வாகம் தனியாருடையது. சர்க்கார் நிர்வாகம் என்ற சொல்லை எழுத்துக்கு எழுத்துப் பிடித்தால் அவை வெளியே நிற்கும். தனியார் கல்லூரிகள் அடுத்த கட்டத்தில் சேரலாம் என்கிறார்கள், சேரட்டும். ஆனால் எந்தக் கல்லூரியையும் சேராத குலசேகரத்து ரப்பர் விவசாயி எந்தக் கட்டத்தில் சேருவார்? திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல்வித்து, டி.பி.எஸ். என்று அவ்வூர்ப் பெயரையே தாங்கி, ஜாதி மத பேதமின்றி எந்தக் குடியானவன் கைக்கும் போகிறது. அத்தகைய நிலையத்துப் பண்டிதர் எழுதும் கட்டுரை அந்நிய சஞ்சிகையில் வெளியாகுமானால் அதே குடியானவன் மகனுக்குப் பூட்டப்பட்டுவிடலாம். வித்து பொதுச் சொத்து, அதைப் பற்றிய அறிவு தனிச் சொத்து என்பது என்ன நியாயம்?

எழுதுபவரே பணம் கட்டினால் எவரும் இலவசமாகப் படிக்கலாம் என்று கம்பெனிகள் இப்போது வேறொரு வழியும் காட்டுகின்றன. நேச்சர் சஞ்சிகை 2021-ல் அவ்வகையில் ஒரு கட்டுரைக்கு விதித்த கட்டணம் 9,500 யூரோ. நம் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பல மாதச் சம்பளத்தைச் சேர்த்தாலன்றி அத்தொகையைக் காணமுடியாது. இது கதவை வாசகருக்குத் திறந்து எழுத்தாளருக்கு அடைப்பதாகும்.

வேறு வழியில்லாமலும் இல்லை. ஜர்மனியில் 2014 முதல் அமலிலுள்ள சட்டமொன்று இருக்கிறது. பாதிக்குக் குறையாத பொதுப்பணத்தால் நடந்த ஆராய்ச்சியின் கட்டுரையை, சஞ்சிகையில் வெளியாகி ஒரு வருஷம் கழிந்தபின், எழுதியவர் தம் ஏற்கப்பட்ட கைப்பிரதியை லாபநோக்கமின்றி எவர்க்கும் இலவசமாக அளிக்கலாம். பிரசுராலயத்திற்கு உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்திருந்தாலும் இது செல்லும். ஒப்பந்தத்தால் இதை மாற்றவும் முடியாது. நம்முடைய விஞ்ஞான, உயிர்த்தொழில் இலாக்காக்கள் 2014 டிசம்பரில் ஒரு கொள்கை வெளியிட்டு, தங்கள் பணம் பெற்றவர் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்குமாறு கூறின. கொள்கை நல்லதே. ஆனால் கம்பெனியின் ஒப்பந்தத் தாளுக்கு எதிரே கொள்கைத் தாள் நிற்காது; சட்டம் நிற்கும். நமது 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு சேர்ப்பதற்குக் காலணா செலவில்லை.

சொந்த சஞ்சிகைகளையும் மறக்கலாகாது. ஸி.வி. ராமன் தம் 1928-ம் வருஷக் கண்டுபிடிப்பை விரிவாக வெளியிட்டது கல்கத்தாவிலிருந்து வந்த இந்தியச் சஞ்சிகையில். பிரேஸில் தேசத்தார் 1990-களின் கடைசியில் ஸியெலோ என்ற ஏற்பாட்டால் தங்கள் சஞ்சிகைகளைப் பொதுச்செலவில் உலகுக்கே இலவசமாகத் திறந்தனர். பம்பாயில் மெட்நோ என்ற ஸ்தாபனம், எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் கட்டணம் வாங்காமல், அச்சுப் பிரதிச் சந்தாவைக்கொண்டே பல இந்திய வைத்திய சஞ்சிகைகளை நடத்திக் காட்டியது. அது 2011-ல் அந்நியக் கம்பெனியொன்றின் கைக்குப் போனது வேறு விஷயம். தடுக்க இங்கே எவரும் முன்வரவில்லை. வருஷம் 2,000 கோடியில் பத்தில் ஒரு பங்கை நம் சஞ்சிகைகளுக்கு ஒதுக்கினால் 200 கோடி ஆகிறது.

வாங்குபவர் ஒருவரேயானால் விற்பவரை அடக்க முடியும் என்பதுதானே ஒரே சந்தாவின் தத்துவம்? காலிபோர்னியா சர்வகலாசாலை 2019 பிப்ரவரியில் எல்ஸ்வியருடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் எழுந்துவந்தது. இரண்டு வருஷம் சந்தாவின்றியே காலந்தள்ளிற்று. 2021 மார்ச்சில் கம்பெனி இறங்கிவந்து, அங்குள்ளோர் எழுதும் கட்டுரைகளை உலகத்தார் இலவசமாகப் படிக்க இசைந்தது. ஒரு மாகாணத்துச் சர்வகலாசாலைக்கு இருந்த நெஞ்சுரம் 140 கோடி மக்களின் பெயரால் பேரம் பேசும் சர்க்காருக்கு இருக்கவேண்டாமா? முதல் ஒப்பந்தம் 2027 டிசம்பரோடு முடிகிறது. கெடு முடியுந் தறுவாயில் கையெழுத்துக்குப் பேனாவை எடுக்கும்வரை காத்திராமல், கொடுத்த விலை, பெற்ற உரிமை, உண்மையில் படிக்கப்பட்ட சஞ்சிகைகள் எவை என்ற மூன்றையும் பார்லிமெண்டின் மேஜையில் இப்போதே வைக்கும்படி நம் பிரதிநிதிகள் வற்புறுத்தவேண்டும்.