ஒரு சங்கு கழுதைப்பாலும் ஒரு பெருக்கல் கணக்கும்

"கழுதைப்பால்... கழுதைப்பாலேய்!" தமிழ்நாட்டில் பல ஊர்த் தெருக்களில் கேட்கும் குரல்தான். திருப்பூரும் விலக்கல்ல. கண்ணெதிரே கறந்து, ஒரு சங்கு பச்சையாகவே பிஞ்சுக் குழந்தையின் வாயில் ஊற்றுவார்கள். 50 ரூபாய், 100 ரூபாய். சளி பிடிக்காது, மஞ்சள் காமாலை அண்டாது, குரல் இனிமையாகும் (கழுதையின் குரல் எப்படி என்று யாரும் கேட்பதில்லை!).

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அதில்தான் சிக்கலே. கழுதைப்பாலில் லைசோசைம் நிஜமாகவே அதிகம். 1921-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்த அதே நொதிதான். பாக்டீரியாவின் செல்சுவரை அறுத்து உடைக்கும். பசும்பாலில் இது பேருக்குத்தான் இருக்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். கழுதைப்பாலில் லிட்டருக்குச் சுமார் 1 கிராம் என்று வைத்தால், 10 மில்லி சங்கில் 10 மில்லிகிராம். தாய்ப்பாலில் லிட்டருக்குச் சுமார் 0.4 கிராம். ஒரு மாதக் குழந்தை நாளுக்கு 600 மில்லி குடித்தால் 240 மில்லிகிராம். தினமும். இலவசமாக! கூடவே லாக்டோஃபெரின், நோய் எதிர்ப்புப் புரதங்கள் வேறு. சீம்பாலில் இவை இன்னும் அதிகம். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கழுதையைத் தேடுபவர்களை என்ன சொல்ல?

இன்னொன்று. லைசோசைம் எல்லாக் கிருமியையும் கொல்லாது. ஈ.கோலை போன்றவற்றுக்குச் செல்சுவருக்கு மேல் இன்னொரு உறை உண்டு. அவை பெரும்பாலும் தப்பிவிடும். கழுவாத மடி, கறந்த கை, வீடு வீடாகப் போகும் அதே சங்கு... அத்தனையும் பச்சைப்பாலோடு சேர்ந்து குழந்தையின் வயிற்றுக்குள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சும்மா இல்லை.

கழுதை வைத்துப் பிழைப்பவரைத் திட்டி என்ன பயன்? முதலிபாளையம் சிட்கோ பக்கம் வந்து பாருங்கள். செக்கிங் டேபிளில் நிற்கும் தாய்க்குப் பால் கட்டி நெஞ்சு வலிக்கும். குழந்தை லைன் வீட்டில் பாட்டியிடம் இருக்கும். 2017-ல் மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கிய அதே சட்டத் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு 4 முறை போய்வரலாம் என்றும் சொன்னது. கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளுக்கு எந்த 26 வாரம், எந்தக் காப்பகம்? வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் அன்று மட்டும் பூட்டுத் திறக்கும் அறையில் எந்தக் குழந்தை பால் குடிக்கும்?