மாத்திரையை நிறுத்துவது அவர்கள் அல்ல

“தோட்டத்து ஆட்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது. கொஞ்சம் சுகமானதும் மாத்திரையை விட்டுவிடுவார்கள், பிறகு கோடாங்கியைத் தேடிப் போவார்கள்.” மனநோயைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மலையகத்தில் இந்த வார்த்தை வராமல் இருக்காது. ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள், பாடசாலையில் சொல்கிறார்கள், லயத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த நம் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். இது அபாண்டம். மருந்து வேண்டாம் என்று தூக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள்தான். கொழும்பிலும் இருக்கிறார்கள், லண்டனிலும் இருக்கிறார்கள். ஆனால் தலவாக்கலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நான் அறிந்த வீடுகளில் மருந்து நின்றதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அது கைக்குக் கிடைக்கவில்லை.

லிந்துலைப் பக்கத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். மகனுக்குப் பல வருடமாக மருந்து. அவனுடைய கிளினிக் கொப்பியை மழை படாமல் ஷொப்பிங் பேக்கில் சுற்றி, பிறப்புச் சான்றிதழ்களோடு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். கிளினிக் நாளில் விடியுமுன்னே லயத்திலிருந்து இறங்கி நடந்து பஸ் பிடிக்க வேண்டும். அன்றைக்கு வேலைக்குப் பேர் விழாது. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அப்படி ஒரு நாள் சம்பளம் போகிறது, அதோடு இரண்டு பேருக்குப் பஸ் காசும் போகிறது. வரிசையில் நின்று மருந்துக் கவுண்டரை அடைந்தால் மூன்று மாத்திரையில் இரண்டுதான் இருக்கும். மூன்றாவதை ஒரு சின்னத் துண்டில் எழுதி, “இது வெளியில எடுங்க” என்பார்கள்.

வெளியில் என்றால் டவுன் பாமசி. முதல் கடையில் இல்லை. அடுத்த கடையில் இருக்கிறது. மடியில் உள்ள காசுக்குப் பத்து மாத்திரை வாங்குகிறார். அது முடிந்ததும் அதே துண்டோடு திரும்பி வருகிறார். “அம்மா, இந்தத் துண்டுக்கு ஏற்கனவே குடுத்து சீல் அடிச்சிருக்கு. புதுத் துண்டு இல்லாம தர ஏலாது.” கொப்பியை விரித்துக் காட்டுகிறார். “மாசாமாசம் இதே மருந்துதானே தம்பி, டாக்டர் எழுதியிருக்காருதானே.” கொப்பி செல்லாது என்கிறார்கள். புதுத் துண்டு வேண்டுமானால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாரிடம் செனல் பண்ண வேண்டும். அந்தக் காசுக்கு அவர் எத்தனை நாள் மலை ஏற வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைக்காரரையும் நான் குற்றம் சொல்லவில்லை. மனநோய் மருந்தை டாக்டரின் துண்டில்லாமல் கொடுப்பது சட்ட விரோதம். பிரிகபலின் போன்ற மருந்துகள் போதைக்காகக் கைமாறுகிற இந்தக் காலத்தில் அந்தக் கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஆஸ்பத்திரி முத்திரை விழுந்த கொப்பியோடு வருகிற ஒரு தாயையும், போதை மாத்திரை தேடி வருகிறவனையும் ஒரே சந்தேகத்தோடு பார்க்கச் சொல்கிற ஏற்பாடு அநியாயம்.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. மருந்து நின்ற சில வாரங்களில் பையனுக்கு மறுபடி வருத்தம் கூடுகிறது. தூக்கமில்லை, சத்தம் கேட்கிறது என்கிறான், இஸ்தோப்பில் நின்று கத்துகிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முதல் கேள்வியே “ஏன் மருந்து ஒழுங்கா குடுக்கல?” என்பதுதான். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசினாலும் பாதி சிங்களத்தில் நடக்கிற அந்த உரையாடலில் அவருடைய கதை எவ்வளவு தூரம் போய்ச் சேரும்? மருந்து பிடிக்கவில்லை போல என்று அளவைக் கூட்டிவிட்டார்கள். கூட்டிய மருந்தில் பையனுக்குக் கை நடுங்கியது, நாள் முழுக்கத் தூங்கி வழிந்தான். அதைப் பார்த்த லயம், “மாத்திரைதான் அவனைக் கெடுத்திருச்சு” என்றது. மருந்தின் மீது வெறுப்பு இப்படித்தான் உண்டாகிறது. கோடாங்கி அதைக் கொண்டுவரவில்லை.

கோடாங்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் கிளினிக்குக்கு வரும்போது நெற்றியில் திருநீறு இருக்கும், கையில் மந்திரித்த கயிறு இருக்கும். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு விடிகாலை பஸ் ஏறி டாக்டரிடமும் வந்திருக்கிறார்களே, அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை?

மருந்து தவறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மருத்துவத்துக்குத் தெரியாததல்ல. 2012இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, மனச்சிதைவுக்கு மருந்து தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு. மருந்துக்குப் பதில் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு. குளோசபின் எடுக்கிறவருக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது; 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மருந்து முடிந்து, சனி ஞாயிறு போய், திங்கட்கிழமை போயா லீவு என்றால் அந்த 48 மணித்தியாலம் தாண்டிவிடும். இதில் நோயாளியின் அறியாமை எங்கே இருக்கிறது?

2022ஐ நினைத்துப் பாருங்கள். இருநூறு ரூபாயாக இருந்த டொலர் முந்நூற்றறுபதுக்கு ஏறியது. மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிற நாட்டில் ஆஸ்பத்திரி அலுமாரிகள் வெறுமையாயின, பெட்ரோல் வரிசையில் நாடே நின்றது. கொழும்பில் மாத்திரை கிடைக்காமல் தவித்தவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் மருந்துத் தட்டுப்பாடு என்று எழுதின. சரியாகத்தான் எழுதின. ஒருவரையும் அறியாமைக்காரர் என்று ஏசவில்லை. அதே தட்டுப்பாடு லயத்துக்கு மாதாமாதம் வருகிறது, இங்கே மட்டும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து மலைநாட்டுப் பாதைகள் அறுந்தபோதும் நான் முதலில் நினைத்தது கிளினிக் கொப்பி வைத்திருக்கும் வீடுகளைத்தான். சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து தேவை என்று எல்லோரும் பேசினார்கள். மனநோய்க் குளிசைகளைப் பற்றிப் பேச ஆளில்லை.

செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2020இல் ஊரடங்கு போட்டபோது அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள். ஆனால் தபால் லயத்துக்கு எப்படி வருகிறது? பெரும்பாலான லய அறைகளுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்தால் உண்டு. பரம்பரை பரம்பரையாக உழைத்தவர்களுக்கு ஒரு மாத்திரைப் பார்சல் வந்து சேர விலாசம் இல்லை. மருந்தை விட்டவர்கள் என்று இவர்களைச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

தோட்ட டிஸ்பென்சரி ஒவ்வொன்றிலும் அந்தத் தோட்டத்து நோயாளிகளின் மாதாந்த மருந்தை எடுத்துவைக்கட்டும். நோய் அடங்கி நிலையாக இருப்பவர்களுக்கு இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கட்டும். மருந்து உறையில் காலையா இரவா என்பதைத் தமிழில் எழுதட்டும். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. பிரித்தானியாவில் அவசரத்துக்கு, முன்பு டாக்டர் எழுதிய மருந்தைப் புதுத் துண்டு இல்லாமலே மருந்தாளர் தன் பொறுப்பில் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. இங்கே அவ்வளவு கூட வேண்டாம். முத்திரை விழுந்த கிளினிக் கொப்பியைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டு, ஏழு நாள் மருந்து கொடுக்கப் பாமசிகளுக்கு அனுமதி கொடுங்கள். மனநோயாளிகளின் அறியாமையைப் பற்றி அடுத்த கூட்டம் போடுகிறவர்கள் இந்த ஏழு நாள் மருந்துக்கு என்ன வழி என்பதை முதலாவதாகப் பேசட்டும்.